டெம்போவின் பின்கதவை யார் தூக்குவது?

குர்லா மேற்கில் சி.எஸ்.டி. ரோட்டோரம், கபாடியா நகர்ப் பக்கம் நடந்தால், ஒரு காருக்குள் என்னென்ன இருக்கின்றன என்று தனித்தனியாகப் பார்த்துவிடலாம். பானெட்டுகள் ஒரு குவியல், கதவுகள் ஒரு வரிசை, ஸ்டியரிங்குகள் ஆணியில். நடுவே கொத்தாகத் தொங்கும் கறுப்புக் குழாய்களை ‘டிக்கி ஷாக்கர்’ என்று விற்பார்கள். ஹேட்ச்பேக் காரின் பின்கதவைத் தூக்கிப் பிடிக்கும் கேஸ் ஸ்ட்ரட் அது. வாரத்துக்கு நாலைந்து தடவை திறக்கும் கதவுக்கு அந்த வசதி. அதே கடை வாசலில் பழைய இன்ஜினை இறக்கிக்கொண்டு நிற்கும் டெம்போவின் பின்கதவு ஒரே நாளில் முப்பது நாற்பது தடவை கூடத் திறந்து மூடப்படும். அதைத் தூக்க மனிதக் கைதான் இருக்கிறது.

சரக்கு வண்டியின் பின்கதவைத் தூக்க உதவும் கீல் என்பது புதுமையான சங்கதி அல்ல. அமெரிக்க பிக்கப்களில் அது வந்து பல வருடங்கள் ஆகின்றன. ஆனால் அங்கே வடிவமைத்ததை இங்கே அப்படியே மாட்டினால் குர்லாவில் ஒரு மழைக்காலம் தாண்டாது. என்ன வகைகள் உள்ளன, எது எங்கே தோற்கும், நம் வண்டிக்கு எது பொருந்தும் என்பதை ஒழுங்காக எடுத்துப் பார்த்தவர்கள் குறைவு. காரணம் எளிது. வண்டியை வடிவமைப்பவர் அந்தக் கதவைத் தூக்குவதில்லை. தூக்குபவரை யாரும் கேட்பதில்லை.

குர்லாவுக்கும் வண்டிக்கும் உள்ள உறவு பழையது. வால்சந்த் ஹீராசந்த் 1944-ல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் இங்கேதான் டாட்ஜ், ஃபார்கோ லாரிகளையும் பிறகு ஃபியட் கார்களையும் தயாரித்தது. மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்ஸியாக ஓடிய பத்மினி இந்த மண்ணில் பிறந்ததுதான்; கடைசி பத்மினி டாக்ஸி 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றது. ஆலை நிலத்தில் இன்று கோஹினூர் சிட்டி கட்டடங்கள் நிற்கின்றன. மகிந்திராவின் ஜீப்பும் 1940-களின் கடைசியில் மும்பையில்தான் பூட்டப்பட ஆரம்பித்தது. அந்த ஜீப்பின் பின்கதவில் இரண்டு பக்கமும் சங்கிலி, சங்கிலி முனையில் கொக்கி. பிறகு 1958-ல் பஜாஜ் டெம்போ வந்தது. அந்தக் கம்பெனியின் பேர் மாறிய பின்னும் மும்பையில் சின்ன சரக்கு வண்டி எதுவானாலும் டெம்போதான். 2005-ல் டாடா ஏஸ் வந்தது, 702 சிசி, இரண்டு சிலிண்டர் டீசல், தமிழ்நாட்டில் குட்டியானை. 2011-ல் அசோக் லேலண்டின் தோஸ்த். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்தபோது சைலன்சருக்குள் ஒரு சின்ன ரசாயனத் தொழிற்சாலையே குடியேறியது. பின்கதவில் மட்டும் அந்தச் சங்கிலியும் கொக்கியும் அப்படியே இருக்கின்றன.

அந்தக் கதவைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். அலையலையாக மடித்த இரும்புத் தகடு, ஓரத்தில் பெட்டி மடிப்பு. கீழ் விளிம்பில் மூன்று இடத்தில் குழாய்த் துண்டு வெல்டிங். பெட்டியின் தரை ஓரத்தில் அதற்கு ஜோடியாக இன்னும் சில துண்டுகள். நடுவே ஒரு பின், பின்னின் முனையில் காட்டர் பின் இருக்க வேண்டும், பெரும்பாலும் வளைத்த ஆணி இருக்கும். பித்தளை புஷ், நைலான் புஷ் எதுவும் கிடையாது, இரும்போடு இரும்பு. மேலே இரண்டு ஓரத்திலும் நெம்புகோல் தாழ்ப்பாள். சங்கிலி பெயின்டைச் சுரண்டாமல் இருக்க சைக்கிள் ட்யூபை வெட்டி அதன்மேல் மாட்டியிருப்பார்கள். தாழ்ப்பாளைத் தட்டிவிட்டால் கதவு தடாலென்று விழும். சங்கிலி இழுத்துப் பிடிக்கும்போது வரும் சத்தத்தை மும்பையில் காலை ஐந்து மணிக்கு எழுந்து பழகியவர்கள் எல்லோரும் கேட்டிருப்பார்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். கதவு 25 கிலோ, உயரம் 45 சென்டிமீட்டர், அகலம் ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எடை நடுவில் இருப்பதால், படுத்துக் கிடக்கும் கதவின் விளிம்பைத் தூக்கப் பாதி எடை, பன்னிரண்டரை கிலோ வேண்டும். கீலைச் சுற்றிய திருப்புவிசையாகச் சொன்னால் 55 நியூட்டன் மீட்டர். கதவு நிமிர நிமிர இந்தப் பாரம் குறையும், செங்குத்தில் பூஜ்யம். பன்னிரண்டரை கிலோ ஒரு பெரிய எடையா என்று கேட்கலாம். ஒரு தடவைக்கு இல்லை. நாளைக்கு நாற்பது தடவை, ஒரு கையில் பில் புத்தகம், மறு கையால் குனிந்து பக்கவாட்டில் திருகித் தூக்குவது என்றால் முதுகெலும்பு வேறு கணக்குப் போடும்.

தவிர, கம்பெனியிலிருந்து வரும் கதவு அப்படியே ஓடுவதில்லை. வண்டி வாங்கிய கையோடு பாடி பட்டறைக்குப் போகும். இரும்புச் சாமான், மார்பிள், பழைய இன்ஜின் ஏற்றுபவர்கள் தகடு நசுங்கிவிடும் என்று உள்பக்கம் 3 மில்லிமீட்டர் செக்கர் பிளேட் அடிப்பார்கள். 3 மில்லிமீட்டர் இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு இருபத்து மூன்றரை கிலோ. நம் கதவின் பரப்புக்கு அது ஏறக்குறைய 16 கிலோ. செக்கர் பிளேட்டின் மேடுகளையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். 25 கிலோ கதவு 41 கிலோ ஆகிவிட்டது. விளிம்பில் இப்போது இருபது கிலோவுக்கு மேல். தொழிற்சாலை ஒரு எடைக்கு அளந்து வைத்த எந்த உதவிக் கருவியும் இந்தக் கதவுக்கு முன் பாதி வேலைதான் செய்யும். அமெரிக்க வடிவமைப்பாளருக்கு இல்லாத தலைவலி இது.

சுமை தூக்குபவர்களுக்கு மகாராஷ்டிரத்தில் ஒரு தனிச் சட்டமே உண்டு. 1969-ல் வந்த மாத்தாடி, ஹமால் தொழிலாளர் சட்டம். அண்ணாசாகேப் பாட்டீல் திரட்டிய சங்கத்தின் போராட்டம் அதற்குப் பின்னணி. மூட்டைக்கு, கூலிக்கு, வருங்கால வைப்பு நிதிக்கு எல்லாம் அதன் கீழ் வாரியம் வந்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 1967-ல் ஒரு பரிந்துரை வெளியிட்டது: வளர்ந்த ஆண் தொழிலாளி தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டக் கூடாது. இவை எல்லாம் சரக்கைப் பற்றிப் பேசுகின்றன. வண்டியின் கதவு சரக்கு அல்ல; அது யார் கணக்கிலும் வராது. பெரிய லாரியில் இரண்டு ஆள் சேர்ந்து கதவைத் தூக்குவார்கள். டெம்போவில் டிரைவரே கிளீனர், டிரைவரே ஹமால். மாஹுல் சுத்திகரிப்பு ஆலைகளின் பக்கமிருந்து செம்பூர், குர்லா சந்துகளுக்கு வரும் கேஸ் வண்டியைப் பாருங்கள். 14.2 கிலோ கேஸ் நிரம்பிய சிலிண்டர் மொத்தமாக ஏறக்குறைய 30 கிலோ. ஒரு தெருவில் நாலு சிலிண்டர் இறக்க ஒரு தடவை, அடுத்த தெருவில் இன்னொரு தடவை. சிலிண்டர்தான் கண்ணுக்குத் தெரியும் பாரம்; கதவு தெரியாத பாரம்.

இனி கருவிகளுக்கு வரலாம். முதலில் எல்லோர் மனத்திலும் வருவது அந்த டிக்கி ஷாக்கர். உருளைக்குள் அழுத்தமான நைட்ரஜன், வெளியே நீளும் பளபளப்பான தண்டு, நடுவே ஒரு ரப்பர் சீல். விலை மலிவு, குர்லாவில் பழையது கிடைக்கும், இரண்டு பந்து மூட்டு வைத்தால் வேலை முடிந்தது. சரக்கு வண்டியில் இது தோற்பதற்கு நான் பார்த்தவரை மூன்று காரணங்கள். வாயுவின் அழுத்தம் வெப்பத்தோடு கூடிக் குறையும். 27 டிகிரியிலிருந்து 47 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய 7 சதவீதம் ஏறும். அது பரவாயில்லை. தண்டின் பளபளப்புதான் சீலுக்கு உயிர். ஒரு மூட்டை உரசி ஒரு கீறல் விழுந்தால், கடல் காற்றில் ஒரு துருப்புள்ளி வந்தால், அடுத்த சில நூறு தடவைகளில் வாயு போய்விடும். மூட்டை உரசாமல் எங்கே வைப்பது?

இங்கேதான் மூன்றாவது காரணம். நம் டெம்போக்களில் பல, மூன்று பக்கமும் மடங்கி விழும் பெட்டி கொண்டவை. பின்கதவு மட்டுமல்ல, பக்கக் கதவும் கீலில் தொங்கும். ஸ்ட்ரட்டின் ஒரு முனையை அசையாத சுவரில் பூட்ட வேண்டும். அசையாத சுவரே இல்லை. மூலைத் தூண் உண்டு, அதையும் நீளமான சரக்கு ஏற்ற சிலர் கழற்றிவிடுவார்கள். எனவே இந்தப் பெட்டியில் உதவிக் கருவிக்கு ஒரே ஒரு இடம்தான் மிச்சம்: கீல் ஓடும் கோடு. உள்ளங்கை அகலம்கூட இல்லாத அந்த நீளமான இடுக்கில் அடங்கும் கருவி எது என்பதுதான் முழுக் கேள்வியும். மற்றவை எல்லாம் இதற்குப் பிறகு.

அந்த இடுக்கில் அடங்குவது முறுக்குக் கம்பி. மெக்கானிக்குகள் டார்ஷன் பார் என்பார்கள். ஒரு நேரான வில்லெஃகுக் கம்பி. ஒரு முனை வண்டியோடு, மறுமுனை கதவோடு. கதவு விழும்போது கம்பி முறுகும். தூக்கும்போது முறுக்கு அவிழ்ந்து கையோடு சேர்ந்து தூக்கும். சீல் இல்லை, எண்ணெய் இல்லை, வாயு இல்லை. காரின் சஸ்பென்ஷனில் இந்தத் தத்துவம் பழசு: ஃபெர்டினாண்ட் போர்ஷே 1931-ல் காப்புரிமை எடுத்தார், 1934-ல் சித்ரோவென் டிராக்ஷன் அவான் அதில் ஓடியது, பிறகு ஃபோக்ஸ்வாகன் பீட்டில். பல செடான் கார்களின் டிக்கி மூடிக்குக் கீழே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கம்பிகள் போவதைக் கவனித்திருப்பீர்கள். அதுவும் இதே ஜாதிதான். பிக்கப் பின்கதவுக்கு இதைக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்கக் கம்பெனிகள். ஃபோர்டு எஃப்-150-ல் இது உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் 2014 மாடல் செவர்லே சில்வராடோவில் ஈஸி லிஃப்ட் என்று பேர் வைத்து விளம்பரம் செய்தது. கதவின் கீழ் விளிம்புக்குள் கம்பி மறைந்திருக்கும். வெளியே இருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

8 மில்லிமீட்டர் தடிப்பு, 1.2 மீட்டர் நீளம் உள்ள ஒரு வில்லெஃகுக் கம்பியை 90 டிகிரி முறுக்கினால் ஏறக்குறைய 41 நியூட்டன் மீட்டர் திருப்பித் தரும். நம் கதவுக்கு வேண்டியது 55. மிச்சம் 14. விளிம்பில் கை கொடுக்க வேண்டியது மூன்று கிலோ. பன்னிரண்டரை எங்கே, மூன்று எங்கே. கம்பிக்குள் வரும் அழுத்தம் 415 மெகாபாஸ்கல் அளவு. கமான்பட்டை செய்யும் தரத்து எஃகுக்கு இது சகஜமான சுமை. ஒரு விரல் தடிப்புக்கூட இல்லாத கம்பி. அதைக் குழாய்க்குள் போட்டுவிடலாம்.

ஆனால் காகிதத்தில் இனிக்கும் இந்தக் கணக்கில் ஒரு கோணல் உண்டு. கதவின் பாரம் சைன் வளைவில் மாறுகிறது. கம்பியின் உதவி நேர்கோட்டில் மாறுகிறது. இரண்டும் தொடக்கத்திலும் முடிவிலும் பொருந்தினாலும் நடுவில் விலகும். படுத்த கதவைத் தூக்கத் தொடங்கும்போது மூன்று கிலோ; முப்பது டிகிரி தூக்கியதும் அது நாலரை கிலோ ஆகிறது; பிறகுதான் இறங்குகிறது. தூக்க ஆரம்பித்த பிறகு பாரம் கூடுவது கைக்குப் பிடிக்காது, சரக்கு வண்டி ஓட்டுபவர் அதை உடனே ‘ஏதோ மாட்டுது’ என்று சொல்லிவிடுவார்.

இதற்கு மருந்து முன்முறுக்கு. கதவு மூடியிருக்கும்போதே கம்பியைக் கொஞ்சம் முறுக்கி வைப்பது. 30 டிகிரி முன்முறுக்கு வைத்துப் பார்த்தால் கணக்கு அசர வைக்கிறது: முழுப் பாதையிலும் கைப்பாரம் ஒன்றரை கிலோவைத் தாண்டவில்லை. படுத்த நிலையில் கதவு கிட்டத்தட்ட மிதக்கும். பொறியாளர் இதைப் பார்த்துக் கைதட்டுவார். சரக்கு இறக்குபவர் கைதட்ட மாட்டார். அவருக்குப் படுத்த கதவு அசையாமல் கிடக்க வேண்டும். அதன்மேல் சிலிண்டரை உருட்ட வேண்டும், மூட்டையைச் சாய்க்க வேண்டும், சில நேரம் அதிலேயே உட்கார்ந்து டீ குடிக்க வேண்டும். காற்றில் ஆடும் கதவு அவருக்கு வேண்டாத விருந்தாளி. 15 டிகிரி போதும் என்பது என் கணிப்பு. அப்போது கதவு தன் எடையிலேயே படுத்துக் கிடக்கும், தூக்கும்போது எங்கும் மூன்று கிலோவைத் தாண்டாது, மூடிய நிலையில் கம்பி கதவை உள்நோக்கி லேசாக அழுத்திக்கொண்டிருக்கும். பள்ளத்தில் வண்டி குதிக்கும்போது தாழ்ப்பாள் கடகடப்பது குறைவது இலவசமாகக் கிடைக்கும் லாபம்.

விழும் வேகத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். உதவி இல்லாத கதவு தானாக விழுந்தால் அதன் விளிம்பு மணிக்கு 13 கிலோமீட்டர் வேகத்தில் வந்து சங்கிலியை அறையும். கீழே விரல் இருந்தால் அது சங்கிலிக்கு முன்னால் தெரியும். 15 டிகிரி முன்முறுக்கோடு 8 மில்லிமீட்டர் கம்பி இருந்தால் அதே வேகம் 6 கிலோமீட்டருக்கு இறங்கும். மெதுவாக இறங்க வேண்டுமென்றால் சிலிக்கோன் எண்ணெய் நிரப்பிய சுழல் டாம்பர் தனியாக வேண்டும். விலையுயர்ந்த பிக்கப்களில் அதை வைக்கிறார்கள். டெம்போவுக்கு அது ஆடம்பரம் என்றே நினைக்கிறேன். எண்ணெய் வந்தால் சீல் வரும், சீல் வந்தால் முன்பு பேசிய அத்தனை வம்பும் திரும்ப வரும்.

கம்பியின் தடிப்பில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. திருப்புவிசை தடிப்பின் நாலாவது அடுக்கில் ஏறும். 8 மில்லிமீட்டர் 9 ஆனால் உதவி 60 சதவீதம் கூடிவிடும். செக்கர் பிளேட் அடித்த 41 கிலோ கதவுக்கு 9 மில்லிமீட்டர் கம்பியும் அதே 15 டிகிரியும் வைத்தால், படுத்த நிலையில் கைப்பாரம் மறுபடி மூன்று கிலோவுக்குள் வந்துவிடுகிறது. ஒரே குழாய், ஒரே முனை, கம்பி மட்டும் வேறு. இது நல்ல செய்தி. கெட்ட செய்தியும் இதுவே: ‘ஏறத்தாழ எட்டு’ என்று பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய கம்பி ஒன்பதாக இருந்தால் 25 கிலோ கதவு தாழ்ப்பாளைத் திறந்த பிறகும் விழாமல் நிற்கும். கைப்பழக்கத்தில் அளவு பார்க்கும் பட்டறைக்குள் நாலாவது அடுக்கு நுழையும்போது வெர்னியர் இல்லாமல் முடியாது.

ஒற்றைக் கம்பிக்குப் பதில் இரண்டு குட்டைக் கம்பி வைப்பது இன்னொரு வழி. இரு ஓரத்திலிருந்தும் 70 சென்டிமீட்டர் நீளத்தில் 6 மில்லிமீட்டர் கம்பி ஒவ்வொன்று. சேர்ந்து 45 நியூட்டன் மீட்டர் தரும். அழுத்தம் 530 மெகாபாஸ்கலுக்கு ஏறும், ஆனால் ஒன்று ஒடிந்தாலும் மற்றது வேலை செய்யும். பீட்டிலின் முன் அச்சில் ஃபோக்ஸ்வாகன் செய்தது இன்னும் சுவாரசியம்: உருண்டைக் கம்பிக்குப் பதில் தட்டையான பட்டைகளைச் சதுரக் கட்டாக அடுக்கிக் குழாயில் போட்டு அந்த அடுக்கையே முறுக்கினார்கள். ஒரு பட்டை போனால் அடுக்கு பலவீனமாகும், ஆனால் கதவு கையை விட்டுவிடாது. கதவின் எடைக்கு ஏற்றபடி பட்டையைக் கூட்டலாம், குறைக்கலாம். கமான்பட்டை அடுக்கிக் கழித்தே பழகிய நம் பட்டறைக்காரருக்கு இதை விளக்கத் தனி வகுப்பு வேண்டாம். எனக்கு இந்த வழிமேல் ஒரு சாய்வு உண்டு.

கம்பி ஒடிந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எதுவும் ஆகாது. கதவு பழையபடி கனமாகிவிடும், அவ்வளவே. சங்கிலி தாங்க வேண்டியதைச் சங்கிலிதான் தாங்குகிறது. பின் தாங்க வேண்டியதைப் பின் தாங்குகிறது. இந்தப் பிரிவினையைக் கட்டிக் காப்பது முக்கியம். கதவின்மேல் ஆள் ஏறி நிற்பார், இரண்டு சிலிண்டர் நிற்கும். அந்தப் பாரம் ஒரு கிராம்கூடக் கம்பிக்குப் போகாதபடி, கதவு 90 டிகிரியில் சங்கிலியில் நின்றுவிட வேண்டும். சங்கிலியின் கண்ணி இழுபட்டு நீண்டுபோன வண்டிகளில் கதவு 100 டிகிரி வரை தொங்கும். அங்கே கம்பி கூடுதலாக முறுகும். எனவே சங்கிலி நீள்வதையும் கணக்கில் வைத்து 15, 20 டிகிரி உபரியாக வடிவமைத்துவிடுவது புத்திசாலித்தனம். கதவைத் திறந்து போட்டு அதன்மேல் கம்பி, குழாய் நீட்டிக்கொண்டு ஓட்டும் பழக்கத்துக்கு 2014-ல் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தித் தடை போட்டது. தெருவில் அது எவ்வளவு நடைமுறைக்கு வந்தது என்பதைப் பார்க்க எல்.பி.எஸ். மார்க்கில் அரை மணி நேரம் நின்றால் போதும். வடிவமைப்பாளர் விதியை நம்பினாலும் வழக்கத்துக்கும் சேர்த்துத்தான் வரைய வேண்டும்.

அடுத்தது தண்ணீர். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. மிட்டி ஆறு ஏறிக் குர்லா மூழ்கியது. அந்த அளவு தினம் வராது, ஆனால் ஆடி மாதம் டெம்போ தண்ணீரில் நிற்பது வருடாவருடம் நடப்பதுதான். மீன் வண்டிகள் என்றால் மழையே வேண்டாம். ஐஸ் உருகி வரும் உப்புத் தண்ணீர் நேராகக் கீல் கோட்டில்தான் வடியும். சிமென்ட் வண்டியில் அது பொடி. ஈரம் பட்டால் கல். முறுக்குக் கம்பிக்குத் துருவே எமன். மேற்பரப்பில் குண்டூசித் தலை அளவு குழி விழுந்தால் அங்கிருந்து விரிசல் தொடங்கும், ஒருநாள் சத்தமில்லாமல் ஒடியும். நாளைக்கு முப்பது தடவை என்றால் வருடத்துக்கு ஒன்பதாயிரம் முறுக்கு. பத்து வருடம் ஓடும் வண்டிக்கு தொண்ணூறாயிரம். கம்பி மழமழப்பாக இருந்தால் இது பெரிதல்ல. குழி விழுந்த கம்பிக்கு இதில் கால்வாசிகூட அதிகம். எனவே குழாயை இரண்டு முனையும் அடைத்து உள்ளே கிரீஸ் நிரப்ப வேண்டும், அல்லது கம்பிமேல் பிளாஸ்டிக் உறை போட்டு குழாயின் அடியில் துளை விட வேண்டும். அரைகுறையாக அடைத்து அரைகுறையாக விடுவது இரண்டையும்விட மோசம். உள்ளே போன தண்ணீர் வெளியே வராது.

இவ்வளவும் சொன்ன பிறகு பட்டறைக்காரர் கேட்கும் முதல் கேள்வி வேறாக இருக்கும்: கம்பியை உள்ளே வைத்துவிட்டால் நாளைக்குக் கீல் உடைந்து வரும்போது எங்கே பத்தவைப்பது? இதுதான் என் கண்ணில் முக்கியமான கேள்வி. நம் ஊரில் டெம்போவின் பின்கீல் உடைவது உறுதி. அதை வெல்டிங் வைப்பதும் உறுதி. வெல்டிங் சூடு பட்ட வில்லெஃகு தன் குணத்தை இழந்து சாதாரணக் கம்பியாகிவிடும், அல்லது கண்ணாடி மாதிரி நொறுங்கும். அமெரிக்கக் கதவில் கம்பி உள்ளுக்குள் மறைந்திருப்பது அழகு. குர்லாவில் மறைந்திருப்பது ஆபத்து. இங்கே கம்பி வெளியே தெரிய வேண்டும், ஒரு முனையில் ஒரு போல்ட்டைக் கழற்றினால் உருவி எடுக்கும்படி இருக்க வேண்டும். வெல்டர் அதைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் கீலைப் பத்தவைத்து, பிறகு திரும்பச் சொருகுவார். அதையும் கதவு மூடிய நிலையில்தான் செய்ய வேண்டும். முன்முறுக்கு இருந்தால் அப்போதும் கம்பிக்குள் கொஞ்சம் விசை மிச்சமிருக்கும். அதை அவிழ்க்க ஒரு நெம்பு இடம் விட வேண்டும். கையேட்டில் எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள். கதவு படுத்திருக்கும்போது அந்த போல்ட் தலைக்குச் சாவி எட்டாதபடி வைத்துவிட்டால் கையேடே வேண்டாம்.

முனையை எப்படிப் பூட்டுவது? சதுர முனை செய்வது சுலபம், ஆனால் நாலு நிலைதான் கிடைக்கும். அறுகோணத்தில் 60 டிகிரிக்கு ஒரு நிலை. 24 பல் வெட்டிய முனை என்றால் ஒரு பல்லுக்குச் சரியாக 15 டிகிரி. நம் 8 மில்லிமீட்டர் கம்பியில் ஒரு பல் தள்ளிப் போட்டால் விளிம்பில் ஒன்றரை கிலோ கூடும் அல்லது குறையும். செக்கர் பிளேட் அடித்தவர் ஒரு பல் கூட்டிக்கொள்வார். பல் வெட்டும் செலவு அதிகம் என்றால், கம்பி முனையில் ஒரு கை பற்றவைக்காமல் அழுத்திப் பொருத்தி, அந்தக் கையை வண்டிப் பக்கம் வளைவாகத் துளையிட்ட பட்டையில் எந்தத் துளையில் வேண்டுமோ அங்கே போல்ட் போடலாம். அது ஒரு டிரில் மெஷின் வேலை.

மாற்று வழிகளை ஓடவிட்டுப் பார்த்தால்: கீல் பின்னைச் சுற்றி சுருள் வில் போடுவது குட்டையான இடத்துக்கு ஏற்றது, ஆனால் சுருளுக்குள் சிமென்ட் புகுந்தால் தீர்ந்தது. மின் மோட்டார் சொகுசு வண்டிக்கு. ஹோண்டா 2006 மாடல் ரிட்ஜ்லைனில் பின்கதவு கீழேயும் விழும், பக்கவாட்டிலும் திறக்கும். அழகான வேலைதான், ஆனால் குர்லா சந்தில் பின்னால் ஒரு பைக் ஒட்டி நிற்கும்போது பக்கவாட்டில் கதவைத் திறக்க இடம் யார் தருவார்? அலுமினியக் கதவுதான் இவற்றில் உண்மையான போட்டியாளர். எடையே மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கினால் உதவியே தேவையில்லை. அதே அலுமினியம்தான் இரவில் நிறுத்திய டெம்போவிலிருந்து காணாமல் போகும் பொருள்களில் முதலிடம் பிடிக்கும். நசுங்கினால் சாதாரண வெல்டர் கை வைக்க முடியாது.

யார் செய்வது என்பதில் சட்டமும் குறுக்கே வரும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, வண்டியின் பதிவு விவரங்களில் உள்ளதை மாற்றக் கூடாது என்கிறது. கீலில் ஒரு கம்பி சேர்ப்பது அதற்குள் வருமா என்பது ஆர்.டி.ஓ.வைப் பொறுத்து, சில சமயம் அன்றைய மனநிலையைப் பொறுத்து. அதனால் கம்பெனியே கொடுத்துவிடுவது சிக்கல் குறைந்த வழி. குழாயையும் முனைப் பட்டையையும் எல்லா வண்டியிலும் வெல்டிங் வைத்து அனுப்பட்டும். கம்பியை டீலரிடம் 8, 9 என்று இரண்டு அளவில் தனியாக விற்கட்டும். இரும்பின் எடைக்கு அது அரைக் கிலோ சமாசாரம்.

பக்கக் கதவு மட்டும் இன்னும் முழுசாக அடங்கவில்லை. ஒன்பதடி நீளப் பெட்டியில் அது 2.7 மீட்டர், எடை 45 கிலோ என்று வைத்தால், படுத்த நிலையில் விளிம்பில் இருபத்திரண்டரை கிலோ. இரு ஓரத்திலிருந்தும் 1.3 மீட்டரில் 8 மில்லிமீட்டர் கம்பி ஒவ்வொன்று போட்டால் அது ஐந்து கிலோவாகும். முன்முறுக்கு இல்லாவிட்டால் நடுவில் எட்டு வரை ஏறும். இரண்டு கம்பியின் உள்முனையையும் நடுக்கீலில்தான் பூட்ட வேண்டும். மூட்டை விழுந்து முதலில் வளைவதும் அந்த நடுக்கீல்தான். அங்கே பட்டையை இரட்டிப்பாக்குவதா, நடுக்கீலையே இரண்டாகப் பிரித்து இடைவெளி விடுவதா என்பதைக் கதவை வளைத்து வளைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.